மோரியாவின் முதியவர்

நுழையும்முன்

அடிமைத்தளையை அறுத்தெறிய எழும் மக்கள், பகைவரை வெல்வதோடு தம்முள் எழும் பகையையும் வென்றாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துருக்கியரின் உதுமானியப் பேரரசை எதிர்த்துக் கிரேக்க மக்கள் நடத்திய விடுதலைப் போர் இதற்குச் சான்றாகும். அப்போரில் படை நடத்தி வென்றவரும், தம் நாட்டவராலேயே இருமுறை சிறை வைக்கப்பட்டவருமான தியோடோரோஸ் கொலொகொத்ரோனிசின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குன்றின்மேல் ஒரு கூட்டம்

1838ஆம் ஆண்டு. ஏதென்ஸ் நகரின் பினிக்ஸ் குன்றில் பள்ளி மாணவர்களும் நகர மக்களும் திரண்டிருந்தனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஏதென்ஸின் குடிமக்கள் ஒன்றுகூடி நாட்டின் நன்மை தீமைகளை ஆராய்ந்து முடிவெடுத்த இடம் அது. பெரிக்கிளீசும் டெமாஸ்தனீசும் உரையாற்றிய மேடை அங்குதான் இருந்தது. அன்று அங்கே பேச வந்தவர் நாவலர் அல்லர். நூல்பல கற்ற அறிஞரும் அல்லர். அறுபத்தெட்டு வயது நிரம்பிய படைவீரர். பள்ளியில் முறையாகப் பயிலும் வாய்ப்பே பெறாதவர்.

அதற்கு முன்னதாக அவர் நகரின் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றிருந்தார். தலைமையாசிரியர் பண்டைய வரலாற்றைக் கற்பித்ததை அமர்ந்து கேட்டார். தாமும் மாணவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல வேண்டும் என்னும் விருப்பம் அவருக்கு எழுந்தது. கேட்க விரும்பியோர் அனைவருக்கும் பள்ளியில் இடம் போதாது என்பதால் பினிக்ஸ் குன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. வாள் பிடித்த கையர் ஒருவர் ஏடு பிடித்த இளையோரிடம் எதைச் சொல்ல விரும்பினார்? அதை அறிய அவருடைய வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

மரத்தடியில் பிறந்த குழந்தை

கிரேக்க நாட்டின் தென்பகுதி, கடலால் ஏறத்தாழ முழுவதும் சூழப்பட்ட தீபகற்பமாகும். பெலொப்பொனீசு என்பது அதன் பழம்பெயர். இடைக்காலம் முதல் மக்கள் அதனை மோரியா என்றும் அழைத்தனர். 1453ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிள் நகரம் துருக்கியரிடம் வீழ்ந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் மோரியாவின் பெரும்பகுதியும் உதுமானியப் பேரரசின் கீழ் வந்தது. கிரேக்கர் தம் மொழியையும் கிறித்தவ சமயத்தையும் விடாது காத்தனர். எனினும், தலைவரியும் நிலவரியும் அவர்களை வாட்டின; ஆட்சியாளருக்கு எதிராக அவர்களின் வழக்குகள் எடுபடவில்லை.

இக்கொடுமைக்கு அடங்க மறுத்தோர் மலைகளில் ஏறி வாழ்ந்தனர். ஆட்சியாளர் அவர்களைக் கிளெப்டுகள் என்றனர். அச்சொல்லுக்குத் திருடர் என்பது பொருள். அவர்கள் வழிப்பறி செய்ததும் உண்டு. எளிய கிரேக்கர்களும் அதனால் துன்புற்றதுண்டு. ஆயினும், பேரரசுக்குத் தலைவணங்காத அவர்களை மக்கள் நாட்டுப்பாடல்களில் வைத்துப் போற்றினர். கொலொகொத்ரோனிசின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இவ்வாறு மலையில் வாழ்ந்த குடும்பமாகும்.

1770ஆம் ஆண்டு உருசியரின் தூண்டுதலால் மோரியாவில் ஒரு கலகம் மூண்டு தோல்வியில் முடிந்தது. ஊர்கள் அமைதியிழந்திருந்த அவ்வாண்டின் ஏப்ரல் மாதத்தில், மெசீனியா பகுதியின் ராமவூனி என்னும் மலையில், ஒரு மரத்தடியில் தியோடோரோஸ் பிறந்தார். அவருக்குப் பத்து வயதானபோது, துருக்கியப் படையினருடன் நடந்த மோதலில் தந்தை கான்ஸ்டான்டினோஸ் கொல்லப்பட்டார். எழுத்தறிவு பெற வேண்டிய வயதில் துப்பாக்கியைக் கையாளவும், மலைவழிகளைக் கணிக்கவும், இரவில் ஓசையின்றி நடக்கவும் அச்சிறுவன் கற்றுக்கொண்டான். பிற்காலத்தில் பெரும்படைகளை வெல்ல உதவியது இந்த மலைக்கல்வியேயாகும்.

கடல் கடந்த வாழ்வு

1806ஆம் ஆண்டில் கிளெப்டுகளை வேரோடு அழிக்குமாறு சுல்தான் ஆணையிட்டார். அவர்களுக்கு அடைக்கலம் தருவோரைச் சமயத்திலிருந்து விலக்கிவைக்கும் அறிவிப்பும் திருச்சபைத் தலைமையிடமிருந்து வெளியிடப்பட்டது. அதுவரை சோறிட்ட ஊர்கள் அஞ்சிக் கதவடைத்தன. கொலொகொத்ரோனிசின் உறவினர் பலர் வேட்டையாடிக் கொல்லப்பட்டனர். அவர் தப்பிக் கடல் கடந்து சாந்தே என்னும் சாக்கிந்தோஸ் தீவை அடைந்தார். ஊர் தம்மைக் கைவிட்ட அந்த நாள்களை அவர் மறக்கவேயில்லை. மக்கள் துணையில்லாத வீரம் நிலைக்காது என்பதை அவருக்கு உணர்த்தியவை அந்நாள்களே.

சாந்தே தீவு பின்னர் ஆங்கிலேயரின் கட்டுப்பாட்டில் வந்தது. அவர்கள் கிரேக்கரைக் கொண்டு அமைத்த படைப்பிரிவில் கொலொகொத்ரோனிஸ் சேர்ந்து மேஜர் நிலைவரை உயர்ந்தார். ஒழுங்கமைந்த படை எவ்வாறு இயங்குகிறது என்பதை அங்கே கற்றார். அப்படைப்பிரிவு கலைக்கப்பட்டபின் கால்நடை வணிகத்தால் பிழைப்பு நடத்தினார். கடலுக்கு அப்பால் மோரியாவின் மலைகள் தெரியும் தீவில் அவர் கழித்த காலம் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள்.

இதற்கிடையில் ஐரோப்பாவில் புதிய எண்ணங்கள் பரவின. மன்னர்கள் கடவுளர் அல்லர், மக்களே நாட்டுக்கு உரியவர் என்னும் கருத்தைப் பிரெஞ்சுப் புரட்சி எங்கும் கொண்டுசென்றது. ரீகாஸ் என்னும் கிரேக்கப் புலவர் விடுதலைப் பாடல்களை இயற்றிப் பரப்பினார். 1798இல் அவரைத் துருக்கியர் பெல்கிரேடு நகரில் கொன்றனர். 1814ஆம் ஆண்டு கருங்கடல் துறைமுகமான ஒடெசாவில் கிரேக்க வணிகர் மூவர் நண்பர் சங்கம் என்னும் பொருளுடைய பிலிக்கி எத்தேரியா என்ற மறைமுக அமைப்பைத் தொடங்கினர். விடுதலைக்காக உயிர்தருவோம் என உறுதிமொழி ஏற்றவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். வணிகர், மாலுமி, பாதிரியார், ஆசிரியர், படைவீரர் எனப் பல திறத்தாரும் அதில் இணைந்தனர். 1818இல் கொலொகொத்ரோனிசும் உறுப்பினரானார்.

எழுச்சி

1821 ஜனவரியில், ஐம்பது வயதில், கொலொகொத்ரோனிஸ் மறைவாகத் தாய்நிலம் திரும்பினார். மோரியாவின் தென்முனையிலுள்ள மானி பகுதியின் தலைவர் பெத்ரோபே மாவ்ரோமிகாலிஸ் அவரோடு இணைந்தார். அந்நாளைய பழைய நாட்காட்டியின்படி மார்ச் 23ஆம் நாள் கலமாத்தா நகரம் விடுதலை பெற்றது. எங்கும் எழுச்சி பரவிய அந்நாள்களின் நினைவாக, மார்ச் 25ஆம் நாளைக் கிரேக்கர் தேசிய நாளாக இன்றும் கொண்டாடுகின்றனர்.

தொடக்க எழுச்சி எளிதில் வெற்றியாக மாறவில்லை. படையில் சேர்ந்தோர் உழவரும் இடையருமே. பலரிடம் துப்பாக்கிகூட இல்லை. துருக்கியக் குதிரைப்படை வருகிறது என்னும் செய்தி கேட்டதும் அவர்கள் சிதறி ஓடினர். ஒருமுறை உடனிருந்தோர் அனைவரும் அகன்றுவிட, கிரிசோவிட்சி என்னும் சிற்றூரில் கொலொகொத்ரோனிசும் அவருடைய குதிரையும் மட்டுமே எஞ்சினர். அவர் அங்கிருந்த மாதா கோவிலுக்குள் சென்று, நாட்டின் நிலையை எண்ணிக் கண்ணீர் விட்டு வழிபட்டார். பின்னர் எழுந்து, மீண்டும் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டத் தொடங்கினார்.

ஓடியவர்களை அவர் இகழவில்லை. நானூறு ஆண்டு அச்சம் ஒரே நாளில் நீங்காது என்பதை அறிந்திருந்தார். வெட்டவெளியில் குதிரைப்படையை எதிர்கொள்ளாமல், மலை முகடுகளில் அரண் அமைத்து நின்று போரிடப் பழக்கினார். அவ்வாண்டு மே மாதத்தில் வல்தெத்சி என்னும் ஊரின் கல்வீடுகளை அரணாக்கிக்கொண்டு கிரேக்கர் போரிட்டனர். கொலொகொத்ரோனிஸ் வெளியிலிருந்து துணைப்படையுடன் வந்து தாக்கினார். ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் நீண்ட போரின் முடிவில் துருக்கியப் படை பின்வாங்கியது. பகைவர் முதுகு காட்டி ஓடுவதை உழவர்கள் கண்ணால் கண்டனர். அதன்பின் அவர்கள் ஓடவில்லை.

வெற்றியும் களங்கமும்

மோரியாவின் ஆட்சித் தலைநகரம் திரிப்போலிட்சா. அதனைக் கைப்பற்றாமல் விடுதலை இல்லை எனக் கொலொகொத்ரோனிஸ் வற்புறுத்தினார். பல மாத முற்றுகைக்குப்பின் 1821 செப்டம்பரில் நகரம் வீழ்ந்தது. கிரேக்கர் பெற்ற முதற்பெரும் வெற்றி இதுவாகும். இவ்வெற்றியே அவர்களின் பெருங்களங்கமாகவும் அமைந்தது. நகரத்திலிருந்த துருக்கியரும் யூதரும், பெண்டிர் குழந்தைகள் என்னும் வேறுபாடின்றி, ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். கட்டுக்கடங்காத படையினரின் பழியுணர்ச்சியும் கொள்ளை வேட்கையும் நாள்கணக்கில் நீடித்தன.

பிற்காலத்தில் தம் வரலாற்றைச் சொன்னபோது கொலொகொத்ரோனிஸ் இக்கொலைகளை மறைக்கவில்லை. தம் குதிரையின் கால்கள் மண்ணில் படாத அளவுக்குத் தெருவில் பிணங்கள் கிடந்தன என்பதை அவரே பதிவு செய்துள்ளார். நகரச் சந்தையில் நின்ற ஒரு பெருமரத்தை அப்போது அவருக்குக் காட்டினர். கிரேக்கர் பலர் தூக்கிலிடப்பட்ட மரம் அது. தம் குலத்தாரையும் நாட்டினரையும் நினைத்து அவர் பெருமூச்செறிந்தார். அம்மரத்தை வெட்டிச் சாய்க்க ஆணையிட்டார். அடுத்த ஆண்டு கியோஸ் தீவில் துருக்கியர் பல்லாயிரம் கிரேக்கரைக் கொன்றும் அடிமைகளாக விற்றும் தீர்த்தனர். விடுதலைப் போரின் இருபுறமும் குருதி படிந்த இவ்வுண்மையை வரலாறு ஒளிப்பதில்லை.

தெர்வெனாக்கியா கணவாய்

1822ஆம் ஆண்டு கோடையில் திராமலி பாஷா என்னும் தளபதி, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் வடக்கிலிருந்து மோரியாவுக்குள் நுழைந்தார். அவ்வளவு பெரிய படையை அம்மண் பல காலமாகக் கண்டதில்லை. கிரேக்க இடைக்கால அரசின் உறுப்பினர்கள் கப்பல்களில் ஏறித் தப்பினர். கொலொகொத்ரோனிஸ் மலையைவிட்டு அகலவில்லை.

பெரும்படைக்குப் பெரும்பசி உண்டு என்பதை அவர் அறிவார். எனவே ஆர்கோஸ் சமவெளியின் விளைச்சலைத் தீயிடச் செய்தார். பகைவருக்கு உணவும் நீரும் கிடைக்காதவாறு வழிசெய்தார். தம் மக்களின் ஓராண்டு உழைப்பைத் தம் கையாலேயே எரிப்பது எளிதான முடிவன்று. அதே வேளையில் திமீத்ரியோஸ் இப்சிலாந்தியும் சில நூறு வீரர்களும் ஆர்கோஸ் கோட்டையில் நின்று பகைவரைத் தடுத்துக் காலம் தாழ்த்தினர். கோடை வெப்பத்தில் திராமலியின் படை பசியாலும் தாகத்தாலும் வாடியது. வந்த வழியே கொரிந்து நகருக்குத் திரும்புவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லாமற்போயிற்று.

திரும்பும் படை எவ்வழியே செல்லும் என்பதில் தலைவர்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. தெர்வெனாக்கியா என்னும் குறுகிய கணவாய் வழியே அது செல்லும் எனக் கொலொகொத்ரோனிஸ் கணித்தார். அங்கே இருபுறக் குன்றுகளிலும் வீரர்களை மறைத்து நிறுத்தினார். ஜூலை 26ஆம் நாள் துருக்கியப் படை அக்கணவாய்க்குள் நுழைந்தது. மேலிருந்து பொழிந்த குண்டுகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். ஏராளமான படைக்கருவிகளும் குதிரைகளும் கிரேக்கர் கைக்கு வந்தன. எஞ்சிய படையுடன் கொரிந்தை அடைந்த திராமலி அவ்வாண்டு முடிவதற்குள் அங்கேயே இறந்தார். கொலொகொத்ரோனிசின் புகழ் நாடெங்கும் பரவியது. மோரியாவின் முதியவர் என மக்கள் அவரை அன்புடன் அழைத்தனர்.

உட்பகை

பகைவர் அகன்றதும் பிளவு தோன்றியது. போரை நடத்திய மோரியாவின் படைத்தலைவர்கள், தம் வாளே நாட்டை மீட்டது என்றனர். நிலவுடைமையாளர்களும் கல்வி கற்ற அரசியலாளர்களும் ஆட்சி தம்மிடமே இருக்க வேண்டும் என்றனர். கடற்போருக்குக் கப்பல்களைத் தந்த தீவுகளின் செல்வர்கள் தம் பங்கைக் கேட்டனர். 1824இல் இலண்டன் நகரில் கிரேக்கர் பெயரால் எட்டு இலட்சம் பவுன் கடன் திரட்டப்பட்டது. அதில் கைக்கு வந்த பணத்தைப் பகிர்வது யார் என்னும் போட்டியும் பிளவை வளர்த்தது. துருக்கியருக்கு எதிராகச் செலவாக வேண்டிய அப்பணத்தின் பெரும்பகுதி உள்நாட்டுப் போருக்குச் செலவானது.

கிரேக்க விடுதலைக்காகத் தம் செல்வத்துடன் வந்த ஆங்கிலக் கவிஞர் பைரனும் இப்பிளவுகளைக் கண்டு வருந்தினார். இரு தரப்பையும் இணைக்க முயன்ற அவர், 1824 ஏப்ரலில் மிசோலொங்கி நகரில் காய்ச்சலால் இறந்தார்.

கொலொகொத்ரோனிசும் இப்பிழையில் பங்குடையவரே. அரசின் ஆணைக்குக் கட்டுப்பட மறுத்து அவரும் ஓர் அணியின் தலைவராக நின்றார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1824 நவம்பரில் அவருடைய மூத்த மகன் பானோஸ், கிரேக்கரின் குண்டுக்கே இரையானார். மகனை இழந்த தந்தை போரிடும் விருப்பத்தையும் இழந்து அரசிடம் சரணடைந்தார். 1825இன் தொடக்கத்தில் அவரை ஹைட்ரா தீவிலுள்ள ஒரு மடத்தில் சிறை வைத்தனர்.

சிறைமீண்ட தலைவர்

அதே வேளையில், 1825 பிப்ரவரியில், எகிப்தின் ஆளுநர் முகமது அலியின் மகன் இப்ராகிம் பாஷா, சுல்தானுக்குத் துணையாக மோரியாவின் கரையில் இறங்கினார். ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற அவருடைய படையின் முன் கிரேக்கர் அடுத்தடுத்துத் தோற்றனர். கோட்டைகள் வீழ்ந்தன; ஊர்கள் எரிந்தன. முதியவரை விடுவிக்க வேண்டும் என்னும் மக்களின் குரல் ஓங்கியது. வேறு வழியின்றி அரசு மே மாதத்தில் அவரை விடுவித்து, மோரியாவின் படைத்தலைமையை ஒப்படைத்தது.

மகனைக் கொன்ற பகையை மனத்தில் வைத்துப் பழிதீர்க்க அவருக்குக் காரணமும் இருந்தது. இப்போது படையும் இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை. தீவிலிருந்து வரும்போதே தம் பகையைக் கடலில் எறிந்துவிட்டு வந்ததாகவும், மற்றவரும் அவ்வாறே தம் பகையைக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும் எனவும் அவர் மக்களிடம் வேண்டியதாக ஒரு செய்தி வழங்குகிறது.

இப்ராகிமை நேருக்குநேர் நின்று வெல்ல அவரால் இயலவில்லை. திரிப்போலிட்சாவும் மீண்டும் பறிபோனது. ஆயினும் அவர் மலையிலிருந்து மறைந்து தாக்கி, பகைவருக்கு உணவு வரும் வழிகளை அறுத்தார். துன்பம் தாங்காத சில ஊர்கள் இப்ராகிமுக்குப் பணிந்தபோது, பணிந்த ஊர்களைக் கடுமையாகத் தண்டிக்கவும் அவர் தயங்கவில்லை. இவ்வாறு எழுச்சியின் தீ அணையாமல் காக்கப்பட்டது. 1826இல் மிசோலொங்கி வீழ்ந்த செய்தி ஐரோப்பா முழுவதையும் உலுக்கியது. 1827 அக்டோபர் 20ஆம் நாள் இங்கிலாந்து, பிரான்சு, உருசியா ஆகிய மூன்று நாடுகளின் கப்பற்படைகள் நவரினோ விரிகுடாவில் துருக்கிய எகிப்தியக் கப்பற்படையை அழித்தன. 1830இல் இலண்டனில் கையெழுத்தான உடன்பாட்டின்படி கிரேக்கம் தனிநாடாக ஏற்கப்பட்டது.

விடுதலை பெற்ற நாட்டில் மரண தண்டனை

புதிய நாட்டின் முதல் ஆளுநராக வந்த கபொதீஸ்திரியாஸ், சிறந்த ஆட்சியறிவு உடையவர். கொலொகொத்ரோனிஸ் அவருக்குத் துணை நின்றார். ஆனால் 1831இல் நாப்பிளியோ நகரில் தேவாலயத்துக்குச் சென்ற ஆளுநரை மாவ்ரோமிகாலிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இருவர் கொன்றனர். பத்தாண்டுகளுக்கு முன்பு கலமாத்தாவை மீட்கக் கொலொகொத்ரோனிசோடு தோளிணைந்து நின்ற அதே குடும்பம் அது.

நாடு மீண்டும் குழப்பத்தில் ஆழ்ந்தது. வல்லரசுகள் பவேரிய இளவரசர் ஒட்டோவை மன்னராக்கின. 1833இல் கிரேக்கம் வந்தபோது அவருக்கு வயது பதினேழு. எனவே பவேரியர் சிலர் அவர் பெயரால் ஆட்சி நடத்தினர். மக்கள் செல்வாக்கு மிக்க முதியவரை அவர்கள் ஐயுற்றனர். அரசைக் கவிழ்க்கச் சூழ்ச்சி செய்தார் எனக் குற்றஞ்சாட்டி அவரையும் அவருடைய போர்த்தோழர் பிளபூத்தாசையும் சிறைப்படுத்தினர்.

1834இல் நாப்பிளியோவில் வழக்கு நடந்தது. நீதிபதிகள் ஐவருள் மூவர் மரண தண்டனைக்கு உடன்பட்டனர். தலைமை நீதிபதி பொலிசோயிதிசும் நீதிபதி தெர்செத்திசும் போதிய சான்று இல்லை எனக் கூறித் தீர்ப்பில் கையெழுத்திட மறுத்தனர். படைவீரர்களை ஏவி அவர்களை வலிந்து இருக்கையில் அமர்த்தியபோதும் அவர்கள் பணியவில்லை. ஆளுவோரின் விருப்பத்துக்கு எதிராக நீதியின் பக்கம் நின்ற அவ்விருவரின் பெயர் கிரேக்க நீதித்துறை வரலாற்றில் இன்றும் போற்றப்படுகிறது.

மரண தண்டனை இருபது ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. நாப்பிளியோவின் பலமிதி கோட்டையில் முதியவரை அடைத்தனர். 1822இல் துருக்கியரிடமிருந்து கிரேக்கர் வென்றெடுத்த கோட்டை அது. 1835இல் மன்னர் ஒட்டோ ஆட்சிப்பொறுப்பை நேரடியாக ஏற்றபோது கொலொகொத்ரோனிசுக்கு மன்னிப்பு வழங்கி விடுவித்தார். படைத்தளபதி பதவியும் அரசவையில் இடமும் அளித்தார்.

தெரியுமா?

கொலொகொத்ரோனிசுக்கு எதிரான தீர்ப்பில் கையெழுத்திட மறுத்த நீதிபதி தெர்செத்திசே, 1836இல் அம்முதியவர் வாய்மொழியாகச் சொன்ன வாழ்க்கை வரலாற்றைக் கேட்டு எழுதினார். அந்நூல் கிரேக்க விடுதலைப் போர் பற்றிய முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகும்.

இளையோரிடம் ஒப்படைத்த பணி

இத்தகைய வாழ்க்கையைக் கடந்து வந்தவரே 1838இல் பினிக்ஸ் குன்றில் ஏறி நின்றார். அவர் தம் வெற்றிகளை விரித்துரைக்கவில்லை. தம்மைச் சிறையிட்டவர்களைப் பழித்துரைக்கவும் இல்லை. எழுச்சியின் முதலாண்டில், படைக்கருவி உண்டா, ஆள் எத்தனை என எண்ணிப் பார்க்காமல் எல்லாத் தரப்பினரும் ஒரே மனத்துடன் எழுந்ததை நினைவூட்டினார். அவ்வொற்றுமை நீடித்திருந்தால் நாட்டின் எல்லை இன்னும் விரிந்திருக்கும் என்றும், ஒவ்வொருவரும் தாமே தலைவராக விரும்பியதால் பிளவுபட்டதாகவும் வருந்தினார். ஒரு வீட்டைக் கட்டும்போது ஒவ்வொருவரும் வாயிலை வெவ்வேறு திசையில் வைக்கச் சொன்னால் அவ்வீடு என்றும் எழாது எனத் தமக்குரிய எளிய நடையில் விளக்கினார்.

தாம் கல்வி பெறாதவர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. போரிட்டு நாட்டை மீட்பது தம் தலைமுறையின் பணி, அதனைக் கல்வியாலும் ஒழுங்காலும் அழகுபடுத்துவது மாணவர்களின் பணி என எடுத்துரைத்தார். கற்ற கல்வியைத் தம் நலத்துக்கு மட்டும் பயன்படுத்தாமல், பொதுநலனை நோக்க வேண்டும் என்றும், தம் நலமும் அதனுள் அடங்கியுள்ளது என்றும் அறிவுறுத்தினார்.

1843 பிப்ரவரியில், தம் இளைய மகனின் திருமணம் நடந்த சில நாள்களில், கொலொகொத்ரோனிஸ் ஏதென்ஸில் காலமானார். ஏதென்ஸின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்பும் நாப்பிளியோ நகரிலும் குதிரைமீது அமர்ந்த அவருடைய சிலைகள் நிற்கின்றன. திரக்மா நாணயம் வழக்கிலிருந்த காலத்தில் ஐயாயிரம் திரக்மா பணத்தாளில் அவருடைய உருவம் பொறிக்கப்பட்டிருந்தது.

வல்தெத்சியிலும் தெர்வெனாக்கியாவிலும் அவர் பெற்ற வெற்றிகள் துருக்கியர்மீது பெற்றவை. மகனை இழந்து, சிறையிலிருந்து மீண்டு, பழிதீர்க்கும் வாய்ப்புக் கையிலிருந்தும் அதனைக் கைவிட்டுப் படைத்தலைமை ஏற்றது அவர் தம்மீதே பெற்ற வெற்றியாகும். அவ்வெற்றி இல்லையெனில், 1825ஆம் ஆண்டோடு மோரியாவின் எழுச்சி அடங்கியிருக்கக்கூடும். குன்றின்மேல் கூடிய மாணவர்களுக்கு அவர் சொன்னது, அவ்வெற்றியின் அருமையை உணர்ந்தவர் சொன்ன அறிவுரையாகும்.